புட்டி மருந்தும் பழைய என்ஜினும்

பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் ஓடிய ஒரு காரை வைத்திருப்பவர், அதன் இழுவை முன்போல் இல்லையென்றும், சிக்னலில் நிற்கும்போது வண்டி உதறுகிறதென்றும் உணரத் தொடங்கியவுடன், அவர் காதில் விழும் முதல் யோசனைகளுள் ஒன்று, பெட்ரோல் டாங்கில் ஊற்றும் சுத்திகரிப்புத் திரவம் ஒரு புட்டி வாங்கி விட்டுப் பாருங்கள் என்பதாகும். உதிரிபாகக் கடைகளின் அலமாரிகளில் அவை வரிசையாக நிற்கின்றன. கார்பன் எல்லாம் கரைந்துவிடும், பிக்-அப் திரும்பிவிடும், மைலேஜ் ஏறும் என்பதே அவற்றின்மேல் ஒட்டிய சீட்டுகளின் பொதுவான வாக்குறுதி. அவற்றை உபயோகித்தவர்களை விசாரித்தால் இரண்டு விதமான சாட்சியங்கள் கிடைக்கும். ஒருவர், ஒரு புட்டி விட்டு ஒரு டாங்க் பெட்ரோல் தீருவதற்குள் உதறல் நின்றுபோயிற்று என்று சத்தியம் செய்வார். அதே திரவத்தை, அதே மாடல் வண்டியில், அதே அளவில் விட்ட இன்னொருவர், காசு போனதுதான் கண்ட பலன் என்பார். இருவருக்கும் பொய் சொல்லக் காரணம் இல்லை. ஒன்றுக்கொன்று முரணான இவ்விரு அனுபவங்களும் எவ்வாறு ஒருங்கே உண்மையாக இருக்கக் கூடும் என்பதே இந்த அத்தியாயத்தின் கேள்வி.

கரி என்று நாம் சொல்வது

ஒர்க்ஷாப்பில் 'கார்பன் அடைச்சிருக்கு' என்று ஒரே சொல்லால் குறிக்கப்படும் பொருள், உண்மையில் ஒரே இடத்தில் ஒரே காரணத்தால் உண்டாகும் பொருளன்று. பெட்ரோல் என்பது நூற்றுக்கணக்கான ஹைட்ரோகார்பன்களின் கலவை. அவற்றுள் ஒலிஃபீன்கள் எனப்படும் ஒரு வகை, காற்றிலுள்ள ஆக்சிஜனோடு எளிதில் சேர்ந்து, ஒன்றோடொன்று பிணைந்து, முதலில் பிசுபிசுப்பான கோந்தாகவும், உஷ்ணம் ஏற ஏறக் கெட்டியான வார்னிஷாகவும் மாறும் சுபாவம் உடையது. இவ்வாறு உலோகத்தின்மேல் ஒட்டி இறுகிப்போன எதையும் இந்த அத்தியாயத்தில் 'படிவு' என்று குறிப்பிடுவோம். பெட்ரோலைத் தூவும் இன்ஜெக்டரின் முனையில் சேரும் படிவு பெரும்பாலும் இந்த வார்னிஷே. காற்றும் பெட்ரோலும் உட்புகும் இன்டேக் வால்வின் முதுகில் சேர்வதிலோ, வால்வின் தண்டு வழியாகக் கசியும் என்ஜின் ஆயிலும், கிராங்க் கேஸிலிருந்து மேலேறி வரும் ஆயில் ஆவியும் சேர்ந்துகொள்கின்றன. எரியறையின் கூரையிலும் பிஸ்டனின் தலையிலும் சேர்வது, முற்றும் எரியாத பெட்ரோலும் ஆயிலும் தீயில் வெந்து கெட்டிப்பட்ட கரி. இந்த மூன்று படிவுகளும் பிறக்கும் இடம் வேறு, உஷ்ணம் வேறு, கரையும் தன்மையும் வேறு. ஒன்றைக் கரைக்கும் திரவம் மற்றொன்றையும் கரைக்கும் என்று எதிர்பார்ப்பதற்கு நியாயமில்லை.

ஓர் இன்ஜெக்டர் அடைபடும்போது

மூன்றனுள் மிகச் சிறியதும், ஆனால் ஓட்டுபவருக்கு மிக விரைவில் தெரிவதுமான படிவு இன்ஜெக்டர் முனையில் சேர்வதே. ஆகையால் அதைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். இந்தியாவில் 2000-ஆம் ஆண்டை ஒட்டி மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகியபோது, கார்புரேட்டரின் இடத்தை எம்.பி.எஃப்.ஐ. முறை பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியே ஓர் இன்ஜெக்டரை வைத்து, வால்வுக்குச் சற்று முன்னால் பெட்ரோலைத் தூவச் செய்யும் ஏற்பாடு அது. இன்ஜெக்டரின் முனையில் பெட்ரோல் வெளிப்படும் இடைவெளி, சில வகைகளில், ஒரு மில்லிமீட்டரை இருபதாகப் பகுத்தால் கிடைக்கும் ஒரு பங்கின் அளவே இருக்கும்.

வண்டி ஓடிக்கொண்டிருக்கும் வரையில், பாயும் பெட்ரோலே அந்த முனையைக் குளிர்வித்துக் கழுவிக்கொண்டும் இருக்கிறது. தொல்லை, வண்டியை நிறுத்திய பிறகுதான் ஆரம்பமாகிறது. ரேடியேட்டர் நீரின் சுழற்சி நின்று, எதிர்க்காற்றும் நின்றுபோக, என்ஜினில் தேங்கிய உஷ்ணம் மெல்ல வெளியே பரவி இன்ஜெக்டரைச் சூடேற்றுகிறது. முனையில் தங்கிய மிகச் சிறு துளி பெட்ரோலின் இலேசான பகுதிகள் ஆவியாகிப் போய்விட, கனமான ஒலிஃபீன்கள் அங்கேயே நின்று வார்னிஷாகின்றன. ஆகவே நாள் முழுவதும் நெடுஞ்சாலையில் ஓடும் வண்டியைவிட, காலையில் கடைக்கும் மாலையில் கோயிலுக்கும் சிறு சிறு தூரம் ஓடிச் சூடோடு நிறுத்தப்படும் வண்டியின் இன்ஜெக்டரே சீக்கிரம் அடைபடுகிறது. அமெரிக்காவில் இதற்கென வகுத்த ஒரு பரிசோதனை, 1980-களின் நடுவில் வந்த 2.2 லிட்டர் கிரைஸ்லர் டர்போ என்ஜினைக்கொண்டு நடத்தப்படுவது. மணிக்கு 55 மைல் வேகத்தில் 15 நிமிஷம் ஓட்டுவது, பிறகு 45 நிமிஷம் அணைத்துச் சூட்டிலேயே ஊறவிடுவது, இப்படியே 10,000 மைல். எந்த இன்ஜெக்டரின் பாய்ச்சலும் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் குறையாவிட்டால்தான் அந்தப் பெட்ரோல் தேறியதாகக் கொள்வார்கள். ஓட்டத்தைப்போல் மூன்று மடங்கு நேரம் ஓய்வுக்கு ஒதுக்கப்பட்டிருப்பதை வாசகர் கவனிக்க வேண்டும்.

இனி ஒரு சிறு கணக்கு. நான்கு சிலிண்டர் என்ஜினில் ஒவ்வொரு இன்ஜெக்டரும் 100 பங்கு பெட்ரோல் தர வேண்டும், ஆக மொத்தம் 400 என்று வைத்துக்கொள்வோம். மூன்றாவது இன்ஜெக்டர் மட்டும் அடைபட்டு 80 பங்கே தருகிறது. மொத்தம் 380 ஆகிவிட்டது. சைலன்சர் குழாயின் தொடக்கத்தில் பொருத்தப்பட்டிருக்கும் ஆக்சிஜன் சென்சார், நான்கு சிலிண்டர்களின் புகையும் ஒன்றாகக் கலந்த பிறகே அதைச் சோதிப்பதால், பெட்ரோல் குறைகிறது என்று மட்டும் அறிகிறதேயன்றி, எந்தச் சிலிண்டரில் குறைகிறது என்று அறிவதில்லை. அதன் சொல்லைக் கேட்டு வண்டியின் கம்ப்யூட்டர், நான்கு இன்ஜெக்டர்களையும் நூற்றுக்கு ஐந்து பங்கு அளவு கூடுதல் நேரம் திறக்கச் செய்கிறது. இப்பொழுது நல்ல இன்ஜெக்டர்கள் மூன்றும் 105 தருகின்றன. அடைபட்டது 84 தருகிறது. கூட்டிப் பார்த்தால் ஏறக்குறைய 400, கணக்கு நேராகிவிட்டது. ஆனால் எந்தச் சிலிண்டருக்கும் சரியான அளவு கிடைக்கவில்லை! மூன்று சிலிண்டர்கள் வேண்டியதற்கு மேல் பெட்ரோலைக் குடித்து வீணாக்குகின்றன; ஒன்று, மெதுவாகச் சுழலும்போது சில சமயம் தீப்பற்றாமலே தவறிவிடுகிறது. சிக்னலில் ஓட்டுபவர் உணரும் உதறல் இதுதான். மைலேஜ் குறைவதும் இதனால்தான்.

இந்த வண்டிக்கு நல்லதொரு சுத்திகரிப்புத் திரவத்தை விட்டு, அடைபட்ட இன்ஜெக்டர் 80-லிருந்து 95-க்கு மீண்டுவிட்டால், கம்ப்யூட்டரின் திருத்தமும் சுருங்கி, நல்லவை 101-ம் அது 96-ம் தரும் நிலைமை வந்துவிடுகிறது. உதறல் நின்றுபோயிற்று என்று முதல் மனிதர் சொன்னது பொய்யன்று.

இப்பொழுது இரண்டாவது மனிதரின் வண்டியைப் பார்ப்போம். அதில் நான்கு இன்ஜெக்டர்களும் ஒரே அளவாக அடைபட்டு, ஒவ்வொன்றும் 90 பங்கு தருகிறது என்று கொள்வோம். மொத்தக் குறைவு முதல் வண்டியைவிட இரு மடங்கு. ஆயினும் கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் சற்று அதிக நேரம் திறந்துவைத்து, ஒவ்வொன்றையும் சரியாக 100-க்கே கொண்டுவந்துவிடுகிறது. ஓட்டுபவருக்கு ஏறக்குறைய ஒன்றும் தெரிவதில்லை. திரவம் அங்கே படிவை முழுவதும் கரைத்தாலும், கம்ப்யூட்டர் தன் திருத்தத்தை ஓசையின்றி விலக்கிக்கொள்ளுமேயொழிய, வண்டியின் ஓட்டத்தில் மாற்றம் ஒன்றும் காணாது. அழுக்கு அதிகமாக இருந்த வண்டியில் பலன் தெரியாமலும், குறைவாக இருந்த வண்டியில் பலன் நன்றாகவும் தெரிந்ததற்குக் காரணம், திரவத்தின் குணத்தில் இல்லை. அழுக்கு சமமாகப் பரவியிருந்ததா, ஓரிடத்தில் குவிந்திருந்ததா என்பதில் இருக்கிறது. ஆக்சிஜன் சென்சார் இல்லாத கார்புரேட்டர் வண்டிகளில் இப்படித் திருத்துவோர் யாருமில்லை; ஜெட் அடைபட்டால் அடைபட்டபடியேதான் ஓடும்.

தலையும் வாலும்

இந்தத் திரவங்களுள் உண்மையில் வேலை செய்யும் பொருள், சோப்பைப் போன்ற அமைப்புடையது. எண்ணெய்ப் பாத்திரம் கழுவும்போது சோப்பின் ஒவ்வொரு மூலக்கூறும் ஒரு முனையால் எண்ணெயையும் மறு முனையால் நீரையும் பற்றிக்கொள்வதுபோல, இங்கேயும் மூலக்கூறுக்கு ஒரு தலையும் ஒரு நீண்ட வாலும் உண்டு. தலையில் நைட்ரஜன் உள்ள அமீன் தொகுதி. அது படிவின்மேலும் உலோகத்தின்மேலும் பற்றிக்கொள்கிறது. வால் பெட்ரோலில் கரையும் இயல்புடைய நீண்ட சங்கிலி. அது பற்றிய துகளைப் பெயர்த்துப் பெட்ரோலோடு இழுத்துச் செல்கிறது. ஏற்கெனவே சுத்தமாக இருக்கும் இடத்தில் இந்த மூலக்கூறுகள் உலோகத்தின்மேல் மெல்லிய படலமாகப் படிந்து, புதிய படிவு ஒட்டாமலும் காக்கின்றன.

இவ்வகைப் பொருள்களுள் பாலிஐசோபியூட்டிலீன் அமீன் என்பதும் பாலிஈதர் அமீன் என்பதும் பெயர் பெற்றவை. முன்னது வால்வை நன்றாகச் சுத்தம் செய்தாலும், எரியறையில் தானே சிறிது படிவை விட்டுச் செல்லக் கூடியது. பின்னது எரியறையின் உஷ்ணத்தையும் ஓரளவு தாங்கி அங்கும் வேலை செய்யக் கூடியது. புட்டியை வாங்குவோர் சீட்டில் தேட வேண்டிய பெயர் இந்தப் பாலிஈதர் அமீன்தான். இவ்விரண்டில் எதுவுமின்றி, மண்ணெண்ணெயை ஒத்த கரைப்பான்களை மட்டுமே பிரதானமாகக் கொண்ட திரவங்களும் கடைகளில் விற்கப்படுகின்றன. அவை புதிய கோந்தை வேண்டுமானால் இளக்கக் கூடும், உஷ்ணத்தில் வெந்து இறுகிய படிவை அசைப்பதற்கு அவற்றிடம் தலையும் இல்லை, வாலும் இல்லை.

அளவும் முக்கியமானது. 300 மில்லிலிட்டர் புட்டியை 40 லிட்டர் பெட்ரோலில் ஊற்றினால், கலவையில் அது ஆயிரத்துக்கு ஏழெட்டுப் பங்கு. அதிலும் பெரும்பகுதி கரைப்பானே. அவ்வளவு சொற்பமான பொருள், டாங்க் தீரும் வரையில் முனையையும் வால்வையும் ஓயாமல் நனைத்துக்கொண்டிருப்பதால்தான் பயன் உண்டாகிறது. டாங்கை நிரப்பி விட்டுவிட்டு வண்டியை ஷெட்டில் நிறுத்திவிட்டால் அது என்ன செய்யும்?

வால்வின் முதுகு

1950-களின் நடுவிலேயே, கார்புரேட்டரைச் சுத்தமாக வைக்கும் பொருளைப் பெட்ரோலிலேயே கலந்து விற்கத் தொடங்கிவிட்டார்கள். ஆனால் வால்வின் படிவு ஒரு பெரும் பிரச்சினையாகத் தலையெடுத்தது 1980-களில். வால்வின் முதுகில் சேரும் கரி துளைகள் நிறைந்தது. என்ஜின் குளிர்ந்திருக்கும்போது தூவப்படும் பெட்ரோலில் ஒரு பங்கை அது உறிஞ்சிக்கொண்டுவிடுவதால், காலையில் முதல் முறை ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது வண்டி ஒரு கணம் தயங்குகிறது. ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. நிறுவனத்தின் 318ஐ காரைக்கொண்டு இதற்கு ஒரு பரிசோதனை வகுக்கப்பட்டது: 10,000 மைல் ஓட்டி, வால்வுகளைக் கழற்றி, படிவை நிறுத்துப் பார்ப்பார்கள். சராசரியாக ஒரு வால்வுக்கு 100 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது. அதாவது, பத்தாயிரம் மைலுக்குப் பிறகு ஒரு கிராமின் பத்தில் ஒரு பங்கு!

1995 ஜனவரி முதல் அமெரிக்காவில் விற்கும் பெட்ரோல் யாவற்றிலும் சுத்திகரிப்புப் பொருள் இருந்தே தீர வேண்டும் என்று அரசாங்கம் விதித்தது. அந்தக் குறைந்தபட்ச அளவு போதாதென்று கருதிய பி.எம்.டபிள்யூ., ஜெனரல் மோட்டார்ஸ், ஹோண்டா, டொயோட்டா ஆகிய நான்கு நிறுவனங்கள், 2004-இல் 'டாப் டியர்' என்னும் உயர்ந்த அளவுகோலை ஏற்படுத்தின. அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கமாகிய ஏ.ஏ.ஏ. 2016-இல் வெளியிட்ட சோதனை முடிவில், 4,000 மைலுக்குச் சமமான ஓட்டத்தின் பின், அந்த அளவுகோலுக்கு உட்படாத பெட்ரோல் விட்டுச்சென்ற வால்வுப் படிவு, உட்பட்ட பெட்ரோலின் படிவைப்போல் 19 மடங்கு இருந்தது. அதைவிட நமக்கு முக்கியமானது இன்னொரு முடிவு: அழுக்கேறிய என்ஜினை நல்ல பெட்ரோலுக்கு மாற்றினால், 5,000 மைல் ஓட்டத்தில் படிவு நூற்றுக்கு 45 முதல் 72 வரை குறைகிறது. சுத்திகரிப்புப் பொருள்கள் மெய்யாகவே வேலை செய்கின்றன என்பதற்கு இது திடமான சான்று. ஆனால் அந்த வேலை நடக்க 8,000 கிலோமீட்டர் ஆயிற்று என்பதையும் அதே சான்று சொல்கிறது. புட்டியில் செறிவு அதிகமாதலால் காலம் குறையலாம். ஒரு மாலைப் பொழுதாகக் குறைந்துவிடாது.

பலூன்களின் வழக்கு

பொருள் மெய்யாயிருந்தும் விளம்பரம் மக்களை ஏமாற்றக் கூடும் என்பதற்கு, இத்துறையில் ஒரு பிரசித்தமான உதாரணம் உண்டு. 1970-இல் கலிஃபோர்னியாவின் ஸ்டாண்டர்டு ஆயில் நிறுவனம், எஃப்-310 என்ற பொருளைக் கலந்த ஷெவ்ரான் பெட்ரோலை அறிமுகப்படுத்தியது. 1962-இல் பூமியைச் சுற்றிவந்த விண்வெளி வீரர் ஸ்காட் கார்ப்பென்டரே தொலைக்காட்சியில் தோன்றி அதைப் பரிந்துரைத்தார். ஒரு காரின் புகைக்குழாயில் நிறமற்ற பலூன் பொருத்தப்பட்டு, அது கறுத்த புகையால் நிரம்புவதைக் காட்டினார்கள். ஆறு டாங்க் எஃப்-310 விட்ட பிறகு, அதே பலூன் தெளிவாக நிரம்புவதைக் காட்டினார்கள்.

அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் இதை விசாரித்தபோது வெளிவந்த சங்கதிகள் இரண்டு. அந்தக் காரின் என்ஜின், சோதனைக்கு முன்னதாக, தனியாகத் தயாரித்த பெட்ரோலால் வேண்டுமென்றே மிகுதியாக அழுக்காக்கப்பட்டிருந்தது. மேலும், புகையில் கறுப்பாகத் தெரிவது கரித்துகள். காற்றைக் கெடுப்பவற்றுள் முக்கியமான கார்பன் மோனாக்சைடும் எரியாத ஹைட்ரோகார்பன்களும் கண்ணுக்கே தெரியாதவை. பலூன் தெளிவாக இருப்பதைக் கண்டு காற்றும் தூய்மையாகிவிட்டது என்று நம்புவதற்கு இடமில்லை. விளம்பரம் தவறான எண்ணத்தை உண்டாக்கியது என்று ஆணையம் முடிவுசெய்தது. 1978-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும், உத்தரவின் விரிவைக் குறைத்தபோதிலும், அந்தத் தீர்ப்பின் சாரத்தை ஏற்றுக்கொண்டது. இன்றைக்கும் பல புட்டிகளின் சீட்டுகளில் காணப்படும் 'முன்', 'பின்' படங்களைப் பார்க்கும்போது, 'முன்' என்பது எப்படிப்பட்ட என்ஜின் என்று கேட்பது நமது உரிமை.

மைலேஜ் கூடியது என்ற சாட்சியத்தையும் இதே நிதானத்தோடு நோக்க வேண்டும். 40 லிட்டர் டாங்கை நிரப்பும்போது, பங்க் குழாய் தானே நிற்கும் இடத்தில் ஒரு லிட்டர் முன்பின் ஆனாலே, கணக்கில் நூற்றுக்கு இரண்டரை வித்தியாசம் வந்துவிடும். திரவம் விட்டவர் ஆவலோடு நெடுஞ்சாலையில் ஒரு நீண்ட பயணமும் செய்துவிட்டால், நகரத்து நெரிசலைவிட அங்கே மைலேஜ் அதிகமாகத்தான் இருக்கும். ஒரே பாதையில், ஒரே பங்கில், பல டாங்குகளின் சராசரியைத் திரவத்துக்கு முன்னும் பின்னும் எடுத்தாலன்றி, அந்த எண்ணை நம்ப வேண்டியதில்லை.

எட்டாத இடங்கள்

பெட்ரோலோடு பயணம் செய்யும் பொருள், பெட்ரோல் போகும் இடங்களுக்கு மட்டுமே போகும். இந்த எளிய உண்மையால், பழைய வண்டிகளுக்கு ஓர் அனுகூலம் உண்டு. எம்.பி.எஃப்.ஐ. என்ஜினில் பெட்ரோல் வால்வின் முதுகைக் கழுவிக்கொண்டே உள்ளே போகிறது. பெட்ரோலை நேரே சிலிண்டருக்குள் பீச்சும் புதிய நேரடி இன்ஜெக்ஷன் என்ஜின்களிலோ, பெட்ரோல் வால்வைத் தொடுவதே இல்லை. ஆயில் ஆவி மட்டும் அங்கே படிந்துகொண்டிருக்கிறது. டாங்கில் எவ்வளவு ஊற்றினாலும் அந்த வால்வு சுத்தமாகாது. அதற்கு இன்டேக் குழாயைக் கழற்றி, பொடித்த வால்நட் ஓட்டைக் காற்றோடு பீச்சித் தேய்த்தெடுக்கும் முறையைத்தான் கையாளுகிறார்கள்.

பழைய வண்டியில் எட்டாதவை வேறு. தேய்ந்த பிஸ்டன் ரிங், இருக்கையில் சரியாக உட்காராத வால்வு, தளர்ந்த வால்வ் சீல், நீண்டுபோன டைமிங் செயின் இவை யாவும் உலோகமோ ரப்பரோ தேய்ந்ததால் வந்த குறைகள். தேய்ந்துபோன உலோகத்தை எந்தச் சோப்பும் திரும்பக் கொண்டுவராது. கரியில் சிக்கி அசையாமல் நின்ற ரிங், படிவு இளகிச் சில சமயம் விடுபடுவதுண்டு. தேய்ந்த ரிங்குக்கு அந்த அதிர்ஷ்டமும் இல்லை.

என்ஜின் ஆயிலில் ஊற்றும் 'ஃப்ளஷ்' திரவங்களைப் பற்றி நான் இன்னும் எச்சரிக்கையாகவே சொல்வேன். நல்ல என்ஜின் ஆயிலிலேயே சுத்திகரிப்புப் பொருளும், அழுக்கைத் தனித்தனித் துகளாக மிதக்கவைக்கும் பொருளும் சேர்க்கப்பட்டுத்தான் வருகின்றன. காலாகாலத்தில் ஆயில் மாற்றப்பட்ட என்ஜினுக்கு ஃப்ளஷ் அநாவசியம். பல வருஷங்கள் கவனிக்கப்படாமல் உள்ளே தார்போல் ஸ்லட்ஜ் கட்டிய என்ஜினிலோ, திரவம் அதைக் கரைப்பதற்குப் பதிலாகக் கட்டிகளாகப் பெயர்த்துவிடுமானால், அவை சம்ப்பின் அடியில் ஆயில் பம்ப் உறிஞ்சும் வலைச் சல்லடையை அடைத்துவிடக் கூடும். ஆயில் அழுத்தம் விழுந்து பேரிங்குகள் வறண்டால், சில நூறு ரூபாய்ப் புட்டி ஒன்றால் முழு என்ஜினையே பிரிக்க நேரிடும். அப்படிப்பட்ட என்ஜினுக்கு, நல்ல ஆயிலை ஊற்றிக் குறுகிய இடைவெளிகளில் இரண்டு மூன்று முறை ஃபில்டரோடு மாற்றி, ஸ்லட்ஜை மெல்ல மெல்ல இளக்குவதே பாதுகாப்பான வழி.

புட்டிக்கு முன்னால்

பழைய வண்டியின் குறை அழுக்கா, தேய்மானமா என்று பிரித்தறிய ஒர்க்ஷாப்பில் ஒரு பழைய சோதனை இருக்கிறது. பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரின் கம்ப்ரெஷனையும் அழுத்தமானியால் அளப்பார்கள். ஒன்றில் மட்டும் அளவு குறைந்தால், பிளக் துளை வழியாக ஒரு கரண்டி என்ஜின் ஆயிலை விட்டு மறுபடி அளப்பார்கள். ஆயில் ரிங்கைச் சுற்றிய இடுக்கை அடைப்பதால் அளவு ஏறினால், குறை ரிங்கில். ஏறாவிட்டால் பெரும்பாலும் வால்வில். நான்கு சிலிண்டர்களிலும் அளவு சரியாக இருந்து, பிளக்கும் காயிலும் காற்று ஃபில்டரும் நல்ல நிலையில் இருந்து, அப்படியும் வண்டி உதறினால், அப்பொழுதுதான் இன்ஜெக்டரைச் சந்தேகிக்க வேண்டும். புட்டிக்கு வேலை உண்டாவதும் அப்பொழுதுதான். அந்த நிலையில் பாலிஈதர் அமீன் உள்ள ஒரு புட்டியை, நிறைந்த டாங்கில் விட்டு, வண்டியைத் தினமும் ஓட்டித் தீர்த்துப் பார்ப்பது நியாயமான முயற்சி. அதிலும் தீராத அடைப்புக்கு, இன்ஜெக்டர்களைக் கழற்றி அளவுக் குழாய்களுள்ள சோதனை மேடையில் பொருத்தி, நான்கும் சமமாகப் பாய்ச்சுகின்றனவா என்று கண்ணாலேயே பார்த்துச் சுத்தம் செய்து தரும் கடைகள் உண்டு.

புட்டி விடுவதாயின், அதற்கான சமயம் அடுத்த ஆயில் மாற்றத்துக்குச் சற்று முன்பு. பழைய என்ஜினில் ரிங்குகளைத் தாண்டி இந்தப் பொருளில் ஒரு சிறு பங்கு ஆயிலில் போய்ச் சேர்வது தவிர்க்க முடியாதது. அந்த டாங்க் தீர்ந்ததும் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிட்டால், பெயர்ந்த அழுக்கும் அதோடு வெளியே போய்விடும்.